நாயின் வாயில் தேரை: முதல் பத்து நிமிடம் என்ன செய்வது?

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. படிவம் நான்கு உயிரியல் பாடம் முடிந்து மாணவர்கள் ஓய்வுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒரு மாணவன் மட்டும் பையை மூடாமல் உட்கார்ந்திருந்தான். என்னவென்று கேட்டேன்.

"டீச்சர், எங்க டைகர் செத்துப் போச்சு."

டைகர் அவன் வீட்டு நாய். சனிக்கிழமை இரவு மழை விட்டதும் வீட்டின் பின்பக்கக் கால்வாய் ஓரத்தில் எதையோ பார்த்துக் குரைத்திருக்கிறது. சில நிமிடங்களில் தலையை உதறிக்கொண்டு ஓடி வந்தது. வாயெல்லாம் நுரை. "வெறி பிடிச்சிருச்சு, யாரும் கிட்ட போகாதீங்க" என்று பாட்டி தடுத்துவிட்டார். விஷமாக இருக்கும் என்று நினைத்த மாமா, நாயின் வாயைத் திறந்து ஒரு குவளைப் பாலை ஊற்றினார். அரை மணி நேரத்தில் வலிப்பு வந்தது. வழக்கமாகப் போகும் கிளினிக் மூடியிருந்தது. வேறொரு கிளினிக்கைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் டைகர் இறந்துவிட்டது. சிவந்த ஈறுகளைப் பார்த்தும், நடந்ததைக் கேட்டும், தேரையைக் கடித்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னாராம். மறுநாள் காலையில் பூச்சட்டிக்குப் பின்னால் ஒரு தேரை உட்கார்ந்திருந்தது.

"நாங்க வேற என்ன செஞ்சிருக்கணும், டீச்சர்?"

மணி அடித்துவிட்டதால் அன்று அவனுக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். முழுப் பதில் இந்த வாரப் பாடமாகிறது. நாய் வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் கட்டாயம் படியுங்கள். வளர்க்காதவர்களும் படிக்கலாம், உயிரணுச் சவ்வுப் பாடம் நன்றாகப் புரியும்.

தவளையா, தேரையா?

தாமான் வீடுகளைச் சுற்றி நாம் அதிகம் காண்பது ஆசியத் தேரை. மலாய் மொழியில் காத்தாக் பூரு என்பார்கள். இதன் அறிவியல் பெயர் டுட்டாஃபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வரை மனிதர் வாழும் இடங்களை ஒட்டியே வாழும் உயிரினம் இது. மழை பெய்த இரவுகளில் விளக்கடியில் விழும் பூச்சிகளைத் தின்ன வரும். தேங்கிய நீரிலும் கால்வாயிலும் முட்டையிடும்.

தவளையிடமிருந்து தேரையைப் பிரித்தறிய நான்கு அடையாளங்கள் போதும். தவளையின் தோல் ஈரமாக, வழவழப்பாக இருக்கும். தேரையின் தோல் உலர்ந்து, சொரசொரவென்று மருக்களோடு இருக்கும். தவளை நீளமாகத் தாவும். தேரை சின்னச் சின்னதாகத் தத்தும். ஆசியத் தேரையின் தலையில் கண்களைச் சுற்றிக் கறுப்பு வரப்புகள் தெரியும். நான்காவது அடையாளம்தான் மிக முக்கியமானது: கண்ணுக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக, புடைத்துக்கொண்டிருக்கும் இரண்டு நீண்ட மேடுகள். அவையே நச்சுச் சுரப்பிகள். பெயர் பரோட்டாய்டு சுரப்பி.

தேரையைத் தொட்டால் மரு வரும் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அது உண்மையன்று. மனிதனுக்கு மரு வருவது வைரசால். தேரை மோந்ததால் தேங்காய் உள்ளே ஒன்றுமில்லாமல் போகிறது என்பதும் அப்படித்தான். பாவம், அந்தப் பழிக்கும் தேரைக்கும் தொடர்பில்லை. ஆனால் கடித்தால் நஞ்சு என்பது மட்டும் முழு உண்மை.

கடிப்பது நாய், விஷம் தேரையிடம்

பாம்பு தன் பல்லால் நஞ்சைச் செலுத்துகிறது. தேரையிடம் நச்சுப் பல்லோ கொடுக்கோ கிடையாது. அது யாரையும் தேடிச் சென்று தாக்குவதில்லை. நாய் கவ்வும்போது தாடையின் அழுத்தம் பரோட்டாய்டு சுரப்பியைப் பிழிகிறது. வெள்ளையாக, பால் போன்ற, பிசுபிசுப்பான கசிவு நாயின் வாய்க்குள் ஒட்டிக்கொள்கிறது. தேரையைத் தின்ன வேண்டும் என்பதில்லை; கவ்வினாலோ நக்கினாலோ போதும்.

வாயின் உட்புறத் தோல் மெல்லியது. அதனடியில் இரத்த நுண்குழாய்கள் நிறைந்துள்ளன. அதனால் நஞ்சு வயிற்றுக்குப் போகுமுன்பே ஈறுகள், நாக்கு, உதடுகளின் உட்பக்கம் வழியாக இரத்தத்தில் கலக்கத் தொடங்குகிறது. கண்ணில் பட்டாலும் உடலில் புகும்.

இந்த இடத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நஞ்சின் பெரும்பகுதி வாயின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. மேற்பரப்பில் இருப்பதைக் கழுவி எடுக்க முடியும். இரத்தத்தில் கலந்துவிட்டதைக் கழுவ முடியாது. நாம் பின்னால் பார்க்கப்போகும் முதலுதவி முழுவதும் இந்த ஒரே உண்மையில் நிற்கிறது.

ஒரு பம்பு நின்றால்

தேரையின் நஞ்சு ஒரே பொருள் அன்று. பல பொருள்களின் கலவை. அவற்றை இரண்டு குழுக்களாகப் பிரித்துக்கொள்வோம்.

முதல் குழுவில் அட்ரினலின், நார் அட்ரினலின், செரட்டோனின் போன்றவை இருக்கின்றன. இவை நம் உடலிலும் சுரப்பவைதான். அளவு மீறி ஒரே நேரத்தில் இரத்தத்தில் சேரும்போது இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், நரம்பு மண்டலம் எல்லாவற்றையும் குழப்பிவிடுகின்றன.

இரண்டாவது குழுவின் பெயர் பியூஃபாடையினோலைடு. பியூஃபோ என்றால் லத்தீனில் தேரை. இந்தக் குழு தாக்கும் இடம் உங்களுக்குத் தெரிந்த இடம்தான். படிவம் நான்கு உயிரியலில் பெங்காங்குத்தான் ஆக்திஃப் என்று படித்தீர்களே, ஆற்றலைச் செலவழித்துப் பொருள்களைச் சவ்வின் வழியே கடத்தும் முறை, அதற்கு எடுத்துக்காட்டாக வந்த சோடியம்-பொட்டாசியம் பம்பு!

விலங்கு உயிரணுவின் சவ்வில் இருக்கும் இந்தப் புரதம் ஒரு ஏடிபி மூலக்கூற்றைச் செலவழித்து, 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொண்டு வருகிறது. டென்மார்க் அறிவியலாளர் ஜென்ஸ் ஸ்கூ நண்டின் கால் நரம்புகளை ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார். 1957-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புக்காக, 40 ஆண்டுகள் கழித்து, 1997-இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

கசியும் சம்பான் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஓயாமல் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றுகிறார். அதனால் சம்பான் மிதக்கிறது. அவர் கையைக் கட்டிப்போட்டால்? ஓட்டை பெரிதாகவில்லை, அலையும் கூடவில்லை. ஆனாலும் சம்பான் மூழ்கத் தொடங்கும். பியூஃபாடையினோலைடு செய்வது அதைத்தான். பம்பின் மேல் போய் ஒட்டி, அதை நிறுத்துகிறது.

அடுத்து நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். பம்பு நின்றதும் இதயத் தசையணுவுக்குள் சோடியம் கூடுகிறது. வழக்கமாக, வெளியே இருக்கும் சோடியம் உள்ளே வரும் விசையைப் பயன்படுத்தித்தான் உயிரணு தன்னுள் சேரும் கால்சியத்தை வெளியேற்றும். உள்ளே ஏற்கெனவே சோடியம் கூடிவிட்டதால் அந்த வேலை மந்தமாகிறது. கால்சியம் உள்ளேயே தேங்குகிறது. கால்சியம்தான் தசையைச் சுருங்கச் சொல்லும் சைகை. எனவே இதயத் தசை நேரம் தவறிச் சுருங்குகிறது. துடிப்பின் ஒழுங்கு கெடுகிறது. இன்னொரு பக்கம், உள்ளே இழுக்கப்படாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறுகிறது. அதுவும் இதயத்துக்கு ஆபத்து.

நாயிடம் என்ன தெரியும்?

அறிகுறிகள் பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கிவிடும்.

முதலில் எச்சில் கொட்டும், நுரை தள்ளும். நாய் தலையை உதறும். முன்காலால் வாயைத் தேய்க்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறுகள் செங்கல் போலச் சிவந்திருக்கும். வாந்தி எடுக்கலாம். பல நாய்களுக்கு இத்தோடு நின்றுவிடும்.

நஞ்சு அதிகம் சேர்ந்திருந்தால் அடுத்த கட்டம் வரும். நடை தள்ளாடும். கண்மணி விரியும். விழி தானாக இப்படியும் அப்படியும் ஆடும். மூச்சு வாங்கும். உடல் விறைத்து வலிப்பு வரும். உடல் சூடு ஏறும். இதயத் துடிப்பு மிக வேகமாகவோ மிக மெதுவாகவோ மாறும். இந்தக் கட்டத்தில் சிகிச்சை கிடைக்காவிட்டால் நாய் இறந்துவிடலாம்.

எந்த நாய்க்கு எவ்வளவு ஆபத்து என்பதை மூன்று காரணங்கள் முடிவு செய்கின்றன: தேரையின் இனமும் அளவும், அது வாயில் இருந்த நேரம், நாயின் எடை. கடைசிக் காரணத்தைக் கணக்காகப் பார்ப்போம். ஒரே அளவு நஞ்சு 4 கிலோ நாய்க்கும் 24 கிலோ நாய்க்கும் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு எவ்வளவு என்று பார்த்தால் சிறிய நாய்க்குக் கிடைப்பது 6 மடங்கு. வீட்டுக்குள் வளரும் சின்ன நாய்கள்மீது கூடுதல் கவனம் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வெறிநோயா என்ற அச்சம்

பாட்டி பயந்ததில் தவறில்லை. ரேபிஸ் என்னும் வெறிநோய் கொடியது. சரவாக்கில் 2017-இல் பரவத் தொடங்கி மனித உயிர்களையும் பறித்தது. அறிகுறிகள் தோன்றிய பிறகு ஒருவரைக் காப்பாற்றுவது மிக மிக அரிது. ஆகவே நுரை தள்ளும் நாயைக் கண்டு விலகுவது இயல்பு.

ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. தேரை நஞ்சு திடீரென வரும். ஐந்து நிமிடம் முன்பு வாலாட்டிய நாய், தோட்டத்துக்குப் போய்த் திரும்பியதும் நுரை தள்ளுகிறது, ஈறு சிவந்திருக்கிறது, வாயைத் தேய்க்கிறது. வெறிநோயில் நாயின் குணமும் நடத்தையும் நாள்கணக்கில் மாறிக்கொண்டே போகும்.

எனவே விதி இது: உங்கள் சொந்த நாய், தடுப்பூசி போட்டது, சற்று முன்வரை நன்றாக இருந்தது என்றால் உதவுங்கள். தெருநாய், பழக்கமில்லாத நாய், யாரையாவது கடித்த நாய் என்றால் வாயருகே கை கொண்டுபோகாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் பத்து நிமிடம்

ஒவ்வொரு படியோடும் அதன் காரணத்தையும் தருகிறேன். காரணம் தெரிந்தால் பதற்றத்திலும் மறக்காது.

1. தேரையை வாயிலிருந்து விடுவியுங்கள். கையுறை இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கசிவு உங்கள் கண்ணில் பட்டாலும் எரிச்சலும் வலியும் உண்டாகும்.

2. நாயின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். கழுவும் நீர் தொண்டைக்குள் போகாமல் வெளியே வழிய வேண்டும். நாய் நீரை விழுங்கினால் நஞ்சும் வயிற்றுக்குப் போகும்; மூச்சுக்குழலில் போனால் நுரையீரல் கெடும்.

3. ரப்பர் குழாயில் நீரை மெதுவாகத் திறந்து, வாயின் பக்கவாட்டிலிருந்து முன்பக்கம் நோக்கி ஓடவிடுங்கள். நேராகத் தொண்டையைப் பார்த்துப் பீய்ச்சக் கூடாது. 5 முதல் 10 நிமிடம் வரை விடாமல் கழுவுங்கள்.

4. ஈரத் துணியால் ஈறுகளையும் நாக்கையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் துடையுங்கள். துணியை அலசி, மறுபடியும் துடையுங்கள். கசிவு பிசுபிசுப்பானது, வெறும் நீரில் முழுவதும் போகாது. துணியை அலசாமல் துடைத்தால் எடுத்த நஞ்சைத் திரும்பப் பூசுவதாகிவிடும். நாய் கடிக்க வந்தால் துடைப்பதை விட்டு நீரை மட்டும் ஓடவிடுங்கள்.

5. ஒருவர் கழுவும்போதே மற்றொருவர் கால்நடை மருத்துவரை அழைக்கட்டும். நாயின் எடை, நடந்த நேரம், இப்போதைய அறிகுறி ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். முடிந்தால் தேரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேரையை விழுங்கிவிட்டது என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

6. கழுவி முடித்ததும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். எச்சில் நின்றுவிட்டாலும் மருத்துவர் ஒருமுறை இதயத் துடிப்பைப் பார்ப்பது நல்லது. உங்கள் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நாய்க்கு வலிப்பு வந்துவிட்டால், அல்லது அது நினைவிழந்துவிட்டால் வாயில் நீர் விடக்கூடாது. அதனால் விழுங்கவோ இருமவோ முடியாது. நீர் நுரையீரலுக்குள் போய்விடும். வாய்க்குள் விரலும் விடாதீர்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து, நேரே மருத்துவரிடம் ஓடுங்கள்.

பாலும் உப்பும் வேண்டாம்

விஷம் என்றதும் நம் வீடுகளில் பால், புளிக்கரைசல், உப்புநீர் என்று எதையாவது ஊற்றிவிடுகிறோம். பால் இந்த நஞ்சை முறிக்காது. வாயில் ஒட்டியிருக்கும் நஞ்சை அது வயிற்றுக்குள் தள்ளிவிடும். தள்ளாடும் நாய்க்குச் சரியாக விழுங்கவும் முடியாது. பால் நுரையீரலில் இறங்கி நிமோனியா வரலாம்.

உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது அதைவிட மோசம். அதிக உப்பு நாயின் இரத்தத்தில் சோடியத்தைக் கூட்டி, அதுவே வலிப்பை உண்டாக்கும். ஏற்கெனவே சோடியம் பம்பு நின்றுகொண்டிருக்கும் உடலுக்கு மேலும் சோடியம் தரலாமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மனிதருக்கான மாத்திரைகளையும் சொந்த முடிவில் கொடுக்காதீர்கள்.

கிளினிக்கில் என்ன செய்கிறார்கள்?

தேரை நஞ்சுக்கென்று தனி முறிமருந்து கிடையாது. மருத்துவர் நஞ்சு மேலும் சேராமல் தடுக்கிறார். உடல் தானே அதை வெளியேற்றும் வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கிறார். அவருடைய வேலையை மூன்று கேள்விகளாகப் பார்க்கலாம்.

வலிப்பு இருக்கிறதா? இருந்தால் டயசெபாம் போன்ற மருந்தை ஊசியில் தருவார். அதற்கும் அடங்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய் பொருத்தி ஆக்சிஜன் தருவார்.

இதயம் எப்படித் துடிக்கிறது? இதய மின்வரைபடம் எடுத்துப் பார்ப்பார். மிக வேகமாகத் துடித்தால் புரோப்ரனலோல் போன்ற மருந்து அட்ரினலினின் தூண்டலைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். கீழறைகளில் துடிப்பின் ஒழுங்கு கெட்டிருந்தால் லிடோகெய்ன் தரலாம். மிக மெதுவாகத் துடித்தால் அட்ரோபின். ஒரே நஞ்சு, ஆனால் நேர்மாறான மருந்துகள்! பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

அட்ரோபினுக்கு எச்சிலை வற்றவைக்கும் குணமும் உண்டு. அப்படியென்றால் எச்சில் கொட்டும் எல்லா நாய்க்கும் அதைக் கொடுத்துவிடலாமே? கொடுப்பதில்லை. இதயம் ஏற்கெனவே வேகமாகத் துடித்தால் அட்ரோபின் அதை இன்னும் விரட்டும். மேலும் எச்சில் இங்கே எதிரியன்று. வாயிலுள்ள நஞ்சைக் கழுவ உடல் தானே திறந்துவிட்ட குழாய் அது.

உடல் சூடு எவ்வளவு? நாயின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். வலிப்பில் தசைகள் ஓயாமல் இயங்குவதால் அது 40-ஐத் தாண்டிவிடலாம். அப்போது நீராலும் மின்விசிறியாலும் குளிர்விப்பார்கள். இயல்பு நிலையை நெருங்கியதும் நிறுத்திவிடுவார்கள். இல்லையென்றால் உடல் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

இவற்றோடு நரம்பு வழியாக நீர்மம் ஏற்றுவார்கள். இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவைப் பார்ப்பார்கள். நஞ்சை விழுங்கியிருந்து, நாய் நினைவோடு இருந்தால், செயலூட்டிய கரி கொடுப்பார்கள். அதன் நுண்துளைகள் நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விழுங்கிய தேரை வயிற்றிலேயே இருந்தால் அதை வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

மிகக் கடுமையான நிலைக்கு இன்னொரு மருந்தும் உண்டு. அதன் பின்னணி சுவையானது. ஃபாக்ஸ்குளோவ் என்ற பூச்செடியின் இலை இதய நோய்க்குப் பயன்படுவதை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-இல் நூலாக எழுதினார். அந்தச் செடி வகையிலிருந்து கிடைக்கும் டிஜாக்சின் என்ற மருந்தும் நம் சோடியம்-பொட்டாசியம் பம்பைத்தான் தடுக்கிறது; குறைந்த அளவில் அது மருந்து, கூடினால் நஞ்சு. டிஜாக்சின் கூடிப்போனவர்களைக் காப்பாற்ற, செம்மறியாட்டின் உடலில் உண்டாகும் எதிர்ப்புரதத் துண்டுகளைப் பயன்படுத்துகிறார்கள். தேரை நஞ்சின் வடிவம் டிஜாக்சினின் வடிவத்தை ஒத்திருப்பதால் அந்தத் துண்டுகள் இதையும் பிடித்துக்கொள்கின்றன. தேரை நஞ்சு உட்கொண்ட மனிதர்களை இந்த மருந்தால் காப்பாற்றியிருக்கிறார்கள். விலை மிக அதிகம் என்பதால் கால்நடை கிளினிக்குகளில் பொதுவாக இதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே குழாய் நீரும் ஈரத் துணியும்தான் நம் கையிலுள்ள முதல் மருந்து.

விரைவில் கொண்டுவரப்படும் நாய்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. வலிப்பும் இதயக் கோளாறும் தொடங்கிய பிறகு வரும் நாய்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

உடும்புக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

தேரை தன் நஞ்சாலேயே ஏன் சாவதில்லை? அதன் பம்பின் வடிவம் சற்றே வேறு. நஞ்சு ஒட்ட வேண்டிய இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. பூட்டு மாறியதால் சாவி பொருந்துவதில்லை. எலியின் இதயத்திலுள்ள பம்பும் அப்படித்தான். ஆசியாவில் வாழும் உடும்பு இனங்களிலும் இந்தப் பாதுகாப்பைக் காணலாம்.

ஆஸ்திரேலிய உடும்புகளிடம் அது இல்லை. அந்தக் கண்டத்தில் தேரைகளே இருந்ததில்லை. 1935-இல் கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்க, ஹவாயிலிருந்து சுமார் 100 கரும்புத் தேரைகளைக் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். வண்டுகள் ஒழியவில்லை, தேரைகள்தான் பெருகின. அவற்றைத் தின்ற உடும்புகளும் பாம்புகளும் குவோல் என்ற சிறு விலங்குகளும் ஏராளமாக மடிந்தன. கரும்புத் தேரை நம் ஆசியத் தேரையைவிட மிகப் பெரியது. நாய்களுக்கும் அதனால் ஆபத்து அதிகம்.

நாயின் பம்புக்கும் மனிதனின் பம்புக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. லாவோசில் தேரையைச் சமைத்து உண்டவர்கள் இறந்த செய்தி மருத்துவ ஆய்விதழில் பதிவாகியிருக்கிறது. சமைத்தால் நஞ்சு போய்விடும் என்று நம்பக் கூடாது.

தேரையைக் கொன்றுவிடலாமா?

வேண்டாம். எறும்பு, கறையான், வண்டு என்று ஓர் இரவில் அது தின்னும் பூச்சிகளைப் பார்த்தால் நமக்கு அது சம்பளம் வாங்காத தோட்டக்காரர். தேரை தன்னைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் பிரித்து வைப்பது நம் வேலை.

மழை விட்ட இரவில் நாயைத் தனியாகத் தோட்டத்தில் விடாதீர்கள். கயிறு கட்டி, விளக்கோடு கூடப் போங்கள். நாயின் சோற்றுத் தட்டையும் நீர்க் கிண்ணத்தையும் இரவில் உள்ளே எடுத்து வையுங்கள். ஈரம் தேடி வரும் தேரை கிண்ணத்திலேயே உட்கார்ந்துவிடும். பூச்சட்டி இடுக்கு, பழைய பலகைக் குவியல், தேங்கிய நீர் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். ஏடிஸ் கொசுவுக்கும் அது தடை. "விடு" என்றதும் வாயிலிருப்பதைக் கீழே போட நாயைப் பழக்குங்கள். இரவிலும் திறந்திருக்கும் கால்நடை கிளினிக் எது என்று இன்றே தேடி, அந்த எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

செய்து பாருங்கள்

துடைப்பது ஏன் முக்கியம் என்பதை நாயும் தேரையும் இல்லாமலே சோதிக்கலாம். சிறிது மார்ஜரினில் மஞ்சள் தூளைக் கலந்து இரண்டு பீங்கான் தட்டுகளில் ஒரே அளவு பூசுங்கள். முதல் தட்டைக் குழாய் நீரில் 2 நிமிடம் காட்டுங்கள். இரண்டாவது தட்டை அதே 2 நிமிடம், ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து, துணியை அலசி அலசிக் கழுவுங்கள். இரண்டு தட்டிலும் எஞ்சிய மஞ்சள் நிறத்தை ஒப்பிடுங்கள். பிறகு துணியை அலசாமல் மூன்றாவது தட்டில் செய்து பார்த்து, என்ன வேறுபாடு என்று எழுதுங்கள்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. சோடியம்-பொட்டாசியம் பம்பு நின்றால் இதயத் தசையணுவுக்குள் கால்சியம் கூடுவது எப்படி?
2. ஒரே அளவு நஞ்சு 5 கிலோ நாய்க்கும் 20 கிலோ நாய்க்கும் சேர்ந்தால், ஒரு கிலோ எடைக்குக் கிடைக்கும் அளவு எத்தனை மடங்கு வேறுபடும்?
3. வலிப்பு வந்த நாயின் வாயில் நீர் விடக்கூடாது. ஏன்?
4. ஆசிய உடும்புகளிடம் இருக்கும் பாதுகாப்பு ஆஸ்திரேலிய உடும்புகளிடம் இல்லாமல் போனதை இயற்கைத் தேர்வின் அடிப்படையில் விளக்குக.

அந்த மாணவனுக்கு

உடனே கழுவியிருந்தால் டைகர் கட்டாயம் பிழைத்திருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எவ்வளவு நஞ்சு சேர்ந்தது என்பது நமக்குத் தெரியாது. ஆனால் பிழைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும், அது உண்மை. உன் மாமா பாலை ஊற்றியது அன்பினால்தான். அவர் மீது கோபப்படாதே. அந்த இரவில் உங்கள் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. இப்போது உனக்குத் தெரியும். அதை வீட்டில் சொல், பக்கத்து வீட்டிலும் சொல். அடுத்த மழை இரவில் யாராவது ஒருவர் பால் குவளையை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தால், நீ கேட்ட கேள்வி ஒரு நாயைக் காப்பாற்றியிருக்கிறது என்று பொருள்.